பெயர் நீக்கிய பிரதி

அத்தியாயம் 14

புதன்கிழமை, காலை ஒன்பதரை மணி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாகூர் மீரான் மசாலாக் கடையின் மேல்மாடி. 'விளக்குத்தண்டு' காலாண்டிதழின் ஆசிரியர் குழுக் கூட்டம். வந்திருந்தவர்களும் அமர்ந்த இடமும்:

மேசையின் தலைமாட்டில், தெருவுக்கு முதுகைக் காட்டியபடி, முதன்மை ஆசிரியர் விநாசித்தம்பி. என் அப்பா, வயது எழுபத்தெட்டு. அவருக்கு வலப்பக்கம், காற்றாடிக்கு நேர் கீழே, ஆய்வு ஆசிரியர் நிருபன். என் தம்பி, பல்கலைக்கழகத்தில் மெய்யியல் விரிவுரையாளன். இடப்பக்கம், இரும்பு அலமாரியில் தோள் உரசும்படி, நிர்வாக ஆசிரியர் அருந்ததி. அது நான். சன்னலோரம் மடிக்கணினியோடு பக்க வடிவமைப்பாளர் ஹுஸ்னா, கடைக்காரர் நாகூர் மீரானின் மூத்த மகள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

நிருபனுக்கு அடுத்த நாற்காலி காலி. மெய்ப்புத் திருத்த ரஜிதா உட்காரும் இடம் அது. என் தம்பியின் மனைவி. மூன்று மாதமாக அவள் வரவில்லை. நாற்காலியை ஓரமாக எடுத்துப் போடவும் யாருக்கும் கை வரவில்லை.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பம். அப்பா கிரேக்க நாட்டுக்குத் தத்துவம் படிக்கப் போனார். ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்து திரும்பினார். தமிழில் அந்த இறையியலையும் மெய்யியலையும் பேச ஓர் இதழ் வேண்டும் என்று முப்பது வருடத்துக்கு முன்னால் இதைத் தொடங்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சண்டைகூட அடிக்குறிப்போடுதான் நடக்கும்.

சென்ற வருடம் நிருபனுக்கும் ரஜிதாவுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கீழைத் தேசத்துப் புனிதவதி ஒருத்தியின் பெயரை அப்பா தேடிக் கொடுத்தார். தமாரா. எங்கள் முறைப்படி நாற்பதாம் நாள் திருமுழுக்கு. குழந்தை இருபத்திரண்டாம் நாள் இறந்துபோனது.

அதற்குப் பிறகு நிருபன் அந்தப் பெயரை வாயால் சொன்னதே இல்லை. மூன்று மாதத்துக்கு முன்பு, மரித்தோரை நினைவுகூரும் சனிக்கிழமையன்று, குருவானவரிடம் பெயர்ச்சீட்டு கொடுத்தோம். சீட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் அவர் அப்பத்திலிருந்து ஒரு துணுக்கு வெட்டித் தட்டில் வைப்பார். நிருபன் எழுதிய சீட்டில் எங்கள் அம்மா இருந்தாள், தாத்தா இருந்தார். தமாரா இல்லை. "முழுக்குப் பெறாத பிள்ளைக்கு முறையில இடம் இல்ல ரஜி" என்றான். அன்று சாயங்காலமே அவள் கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில் உள்ள தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு தடவை இவன் போய்ப் பார்த்தான். இரண்டு தடவையும் கேட்டைத் திறக்கவில்லை.

ஆறு வாரத்துக்கு முன்பு அவளிடமிருந்து எனக்கு ஒரு கனமான உறை வந்தது. உள்ளே ஒரு கட்டுரை. 'அப்பத்தில் இடமில்லாத பெயர்கள்.' கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "மச்சாள், வழக்கமான முறையில் மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். சலுகை வேண்டாம். அவர் படிக்க வேண்டும்."

நான் வழக்கமான முறையில் அனுப்பினேன். இந்த வாரத்துக் கதை அதிலிருந்துதான்.

"அக்கா, பிரிண்டர் மறுபடியும் பேப்பரத் தின்னுடுச்சு லா" என்று ஹுஸ்னா கூட்டத்தைத் தொடங்கிவைத்தாள். "அங்கிளோட தலையங்கம்னா மட்டும் அதுக்கு அப்படி ஒரு பசி."

"அதுக்காவது பிடிக்குதே" என்றார் அப்பா.

நிருபன்கூடச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் ஏன் குறித்துவைக்கிறேன் என்றால், அன்றைக்கு அது ஒன்றுதான்.

மூன்றாவது விஷயம்: கட்டுரை எண் 212.

எங்கள் இதழில் ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் மதிப்பிடுவார்கள்; இதற்கு அப்பாவும் நிருபனும். எழுதியவர் யாரென்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. பெயரை எடுத்துவிடுவது முதல் வேலை. அத்தோடு முடியாது. எழுதியவரைக் காட்டிக்கொடுக்கும் ஊர், தேதி, ஆள் பெயர், சொந்தச் சங்கதி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அந்த இடத்தில் கோடு போட வேண்டும். அப்பா வகுத்த விதி. செய்வது நான்; எந்தக் கோடு என்னுடையது, எது எழுதியவருடையது என்று மதிப்பீட்டாளர்களுக்குத் தெரியாது. முப்பது வருடத்தில் ஒருவர்கூட என் பிரதியைப் பார்த்து எழுதியவரைக் கண்டுபிடித்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"நான் ஏற்கலாம்னு எழுதியிருக்கேன்" என்றார் அப்பா. "வாதம் சில இடத்துல தள்ளாடுது. ஆனா கேட்க வேண்டிய கேள்வி. நிருபன்?"

"நான் மறுத்திருக்கேன்."

"ஓம், வாசி."

இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மறுத்தவர் தன் அறிக்கையைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். நிருபன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தான். அவன் குரல் நல்ல குரல்.

"'திருமுழுக்குப் பெறுமுன் இறந்த குழந்தைகளின் பெயரை வழிபாட்டில் சொல்ல இடமுண்டு என்பது கட்டுரையாளரின் வாதம். இதற்கு அவர் காட்டும் பழைய சான்றுகள் போதா. குறையை மறைக்க அவர் ஒரு குழந்தையின் மரணத்தை முன்வைக்கிறார். ஆனால் அந்தக் குழந்தைக்குப் பெயர் இல்லை. ஏழு இடங்களில் வெறும் கோடு. பெயரைச் சொல்லுங்கள் என்று திருச்சபையைக் கேட்கிறவர், தாம் ஒரு பெயரைச் சொல்லத் துணியவில்லை. இது வாசகரின் கண்ணீருக்காகப் புனையப்பட்ட குழந்தை என்றே கருதுகிறேன். துக்கத்தை வெளியிலிருந்து பார்த்தவரின் எழுத்து இது.'"

அவன் தாளை மேசையில் வைத்தான். காற்றாடி அதன் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

ஹுஸ்னா மடிக்கணினியை மூடிவிட்டாள். "அண்ணே, நான் படிச்சவ இல்ல. ஒண்ணு கேக்கவா? நெஜமாவே பிள்ளயப் பறிகொடுத்தவங்க எழுதியிருந்தா?"

"நெஜமாப் பறிகொடுத்தவங்க எழுத மாட்டாங்க ஹுஸ்னா."

அந்த அறையில் அதைச் சொல்ல உரிமை உள்ளவன் அவன் ஒருவன்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்பா மட்டும் என் பக்கம் திரும்பினார். "அருந்ததி, அந்தக் கோடெல்லாம் எழுதினவர் போட்டதா?"

நான் போட்டது அப்பா என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தைதான். ஆனால் சொன்னால் அங்கே ஒரு நிஜப் பெயர் இருந்தது என்று ஆகிவிடும். அடுத்த கேள்வி என்ன பெயர் என்பதுதான்.

"பிரதி உங்களுக்கு எப்படி வந்துச்சோ அப்படித்தான்" என்றேன்.

அப்பா தன் பிரதியை மூடினார். பிறகு, "விதிப்படி ரெண்டு பேரும் ஒத்துக்கணும். ஒத்துக்கல. கட்டுரை ஏற்கப்படல. அறிக்கை இன்னைக்கே தபால்ல போகணும். ஒரு கமாவும் மாறக் கூடாது" என்றார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒன்றரைக்குக் கூட்டம் கலைந்தது. ஹுஸ்னா எல்லோருக்கும் நாசி கண்டார் சோறு வாங்கப் போனாள். அப்பா கீழே நாகூர் மீரான் மாமாவிடம் பேச இறங்கினார். நிருபன் வேறொரு கட்டுரையோடு மேசையிலேயே உட்கார்ந்திருந்தான். நான் உறையில் முகவரி எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தேன். போன் அடித்தது. ரஜிதா.

படியிறங்கிக் கடைவாசல் நடைபாதையில் நின்று பேசினேன். மல்லி வறுக்கும் வாசனை மூக்கில் ஏறியது.

"மச்சாள், இன்னைக்குத்தானே கூட்டம்?"

"ஆமா ரஜிதா. சாப்பிட்டியா?"

"அவர் படிச்சாரா?"

"படிச்சான்."

"முழுசா?"

"முழுசாத்தான்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "என்ன சொன்னார்?" என்றாள்.

"எழுத்துல வரும். உனக்குத் தெரியுமே, வழக்கம்."

"வழக்கம் தெரியும் மச்சாள். அவர் முகத்தக் கேக்குறேன். படிச்சதும் அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

எனக்கு விளங்கவில்லை. சத்தியமாக அப்போதும் விளங்கவில்லை. "எப்பவும் போலத்தான் இருந்தான்" என்றேன்.

"எப்பவும் போலயா?" அவள் சிரித்த மாதிரி இருந்தது. "வீட்டுல சொன்னா எழுந்து வெளிய போயிடுவார். போன்ல சொன்னா கட் பண்ணிடுவார். கட்டுரைன்னா மட்டும்தான் கடைசி வரி வரைக்கும் படிப்பார். அதனாலதான் கட்டுரையா எழுதினேன். ஏழு தடவ தமாரா பேர எழுதியிருக்கேன். மொதப் பக்கத்துலயே இருக்கு. என் பேர நீங்க எடுத்தா என்ன, அந்தப் பேரப் பாத்ததும் அவருக்குத் தெரியாதா நான்னு? தெரிஞ்சும் எப்பவும் போல இருந்தாரா?"

கடைச் சத்தத்துக்கு விலகி நடைபாதைத் தூணடிக்கு நகர்ந்தேன்.

"ரஜிதா, ஒரு நிமிஷம் கேளு…"

"வேணாம் மச்சாள். விளக்கம் வேணாம். இந்த வீட்டுல விளக்கத்துக்குக் கொறச்சலே இல்ல. வேலைல சபா மாநிலத்துக்கு மாற்றல் வந்திருக்கு, பிளேன்ல போற தூரம். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணும். இவ்வளவு நாளா போடாம வச்சிருந்தேன். இனி எதுக்கு? அவர் என்ன எழுதியிருக்காரோ அத அனுப்புங்க. எல்லாருக்கும் அனுப்புற மாதிரி."

போன் நின்றுவிட்டது. திரும்ப அழைத்தேன். மூன்று தடவை. அணைத்து வைத்திருந்தாள்.

நான் என்ன செய்திருக்கிறேன் என்று அந்தத் தூணடியில்தான் எனக்கு வரிசையாகத் தெரிந்தது. அவள் 'என் பெயரைச் சொல்லாதீர்கள்' என்று எழுதவே இல்லை. 'சலுகை வேண்டாம்' என்றுதான் எழுதினாள். தன் பெயர் போகும் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளையின் பெயரும் போகும் என்று அவள் நினைக்கவில்லை. மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு என் கோடு போடும் வேலை எவ்வளவு தூரம் போகும் என்று எப்படித் தெரியும்? அவள் புருஷனுக்கு எழுதிய ஒரே கடிதத்தில், எது கடிதமோ அதை நான் எடுத்துவிட்டேன்.

மாடியேறினேன். அலமாரியைத் திறந்து மூலப் பிரதியை எடுத்தேன். நிருபனின் முன்னால் வைத்தேன். பக்கத்திலேயே பெயர் நீக்கிய பிரதியையும் வைத்தேன். முப்பது வருடத்தில் இந்த இரண்டும் ஒரே மேசையில் இருந்ததில்லை.

"என்னக்கா இது?"

"212. மூலம்."

"இத நான் பாக்கக் கூடாது."

"பாரு தம்பி."

அவன் குனிந்தான். முதல் பக்கத்தின் நடுவில் அவன் கண் நின்றது. எழுந்து வெளியே போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. விரலை அந்தச் சொல்லுக்குக் கீழே வைத்தான். மறுகையால் மற்றப் பிரதியில் அதே வரியைத் தேடினான். கோட்டின் மேல் விரலை வைத்தான். அப்படியே அடுத்த இடம், அதற்கடுத்த இடம். ஏழும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தான்.

"நீங்க அழிச்சீங்களா?"

"ஆமா."

"ஏழு தடவையும்?"

"விதி, தம்பி. ஆள் பெயர் இருந்தா எடுக்கணும்."

"ஒரு தடவகூட கை நிக்கலயாக்கா?"

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. சொல்லவில்லை. "மொதல் தடவ நின்னுச்சு. ரெண்டாவது தடவயும். அப்புறம் பழகிடுச்சு."

அவன் என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தான். "புனையப்பட்ட குழந்தைன்னு எழுதிட்டேன்" என்றான். "வெளியிலேர்ந்து பாத்தவங்க எழுத்துன்னு எழுதிட்டேன். அவளப் பாத்து."

"உன் மேல தப்பில்ல. நீ படிச்சது நான் செஞ்ச பிரதி."

"இல்லக்கா. கோடு உங்களுது. வார்த்த என்னுது." தன் பிரதியைப் புரட்டி, "பதிமூணாவது பக்கத்துல ஒரு அடிக்குறிப்பு எண் விட்டுப்போயிருக்கு. பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சு. எண் தப்புன்னு ஓரத்துல குறிச்சு வச்சேன். பதினாலு எங்க?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தேன் போலும். "அதையும் நான்தான் எடுத்தேன். மூலத்துல இருக்கு."

பக்கத்தைப் புரட்டினான். சத்தமாகத்தான் வாசித்தான், கூட்டத்தில் வாசித்த அதே குரலில். பாதியில் அந்தக் குரல் அவனிடம் இல்லை.

"'ஆபத்து வேளையில் விசுவாசி எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம். குழந்தையின் தகப்பன் இதை அறிந்தவர். இதைப் பற்றி எழுதியும் இருந்தார். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அவர் கையில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. கோலாலம்பூரிலிருந்து வரும் குருவானவரின் கார் தைப்பிங்கைத் தாண்டிவிட்டது என்று போன் வந்தது. அவர் காத்திருந்தார்.'"

ஆஸ்பத்திரியில் நடந்தது இதுதான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒரு வாக்கியமாக இதைச் சொன்னதில்லை. அவள் சொல்லியிருந்தாள். சிறிய எழுத்தில், பக்கத்தின் அடியில்.

"ஒழுங்கா நடக்கணும்னு நெனச்சேன்" என்றான். "அவ கெஞ்சினா. 'நீங்களே ஊத்துங்க, நீங்களே ஊத்துங்க'ன்னு. ஃபாதர் வந்துடுவார், முறைப்படி நடக்கட்டும்னு சொன்னேன். ஒன்றரை மணி நேரம். நான் எழுதின கட்டுரைல என்ன எழுதியிருக்கேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா? தயங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கேன். நீங்கதான் மெய்ப்பு பாத்தீங்க."

அப்போது அவன் அழுதான். இந்தப் பத்து மாதத்தில் நான் பார்க்க அழுதது அன்றுதான். அதை நான் விவரிக்கப் போவதில்லை.

அப்பா எப்போது மாடியேறி வந்தார் என்று தெரியாது. வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பிரதிகளையும் பார்த்தார்.

"ரெண்டாம் பக்கத்துலயே எனக்குத் தெரியும்" என்றார். "என் மருமகளோட வாக்கியம் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏம்ப்பா பேசாம இருந்தீங்க?"

"மதிப்பீட்டாளர் ஊகத்தைச் சொல்லக் கூடாது." சொல்லிவிட்டு அவரே அதைக் கேட்ட மாதிரி முகம் சுருங்கினார். மெல்ல நடந்து வந்து, கூட்டத்தில் எப்போதும் இருக்கும் தன் இடத்தில் உட்காராமல், நிருபனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். "விதிய நான் வெளியாளுக்காக எழுதினேன் பிள்ளை. வீட்டுக்கு ஒண்ணும் எழுதி வைக்கல."

சபா விஷயத்தை நான் சொன்னேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கெடு என்றும், போனை அணைத்துவிட்டாள் என்றும் சொன்னேன்.

"கெரேத்தாவ எடு" என்றார் அப்பா. "இப்பவே ஓட்டிக்கிட்டுப் போ."

"போனா என்னப்பா செய்வேன்? கேட்டுக்கு அந்தப் பக்கம் அத்தை நிப்பாங்க. நான் பேச ஆரம்பிப்பேன். பேசினா விளக்கமாத்தான் வரும். எனக்கு வேற தெரியாது." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அவ எழுத்துல கேட்டிருக்கா. எழுத்துலதான் பதில்."

பெயர் நீக்கிய பிரதியைத் தன் பக்கம் இழுத்தான். என் பேனாவைக் கேட்டு வாங்கினான். முதல் கோட்டின் மேல் எழுதத் தொடங்கினான்.

மூன்று எழுத்துள்ள பெயர். அதை எழுத அவனுக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுதும் முன் உதடு அசைந்தது. மூன்றாவது தடவை சத்தம் வந்தது. "தமாரா." ஹுஸ்னா அந்த நேரம் சோற்றுப் பொட்டலங்களோடு மாடியேறி வந்தவள், கேட்டதும் வாசலிலேயே நின்றாள். பொட்டலங்களை ஓசைப்படாமல் தரையில் வைத்துவிட்டு அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டாள். நாலு பேரும் சாப்பிடவில்லை.

ஏழும் முடிந்த பிறகு பதிமூன்றாம் பக்கத்தின் அடியில், காலியாக இருந்த இடத்தில், அந்த அடிக்குறிப்பைத் தன் கையெழுத்தில் அப்படியே பார்த்து எழுதினான். ஒரு கமா மாற்றவில்லை. 'அவர் காத்திருந்தார்' என்ற இடம் வந்ததும் நிறுத்தினான். அதற்குக் கீழே, "ஆம். காத்திருந்தேன். நிருபன்" என்று எழுதினான்.

"ரிப்போர்ட்டையும் வைங்கக்கா" என்றான்.

"அது செல்லாது" என்றார் அப்பா. "அவள் எழுதாத ஒரு கட்டுரைக்கு நீ எழுதின அறிக்கை. அனுப்ப நமக்கு உரிமை இல்ல. எதுக்கு அந்தப் பிள்ளய இன்னொரு தடவ வெட்டணும்?"

"என்ன சொன்னார்னு கேட்டா அப்பா. சொன்னது இதுதான். இத மறச்சுட்டு அத அனுப்பினா, அதுவும் பேர் நீக்கின பிரதிதான்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். உறையில் எது போகும் எது போகாது என்று முடிவு செய்வது நிர்வாக ஆசிரியர்.

நான் என் மேசைக்குப் போய் ஒரு தாள் எடுத்து எழுதினேன். இடம், தேதி, அதன் கீழே:

"அன்புள்ள ரஜிதாவுக்கு, உன் கட்டுரையிலிருந்த பெயரை ஏழு இடத்திலும் எடுத்தது நான். அடிக்குறிப்பு பதினான்கை எடுத்ததும் நான். அவன் அறிக்கைக்கு முன் படித்தது நான் கோடு போட்ட பிரதி. இன்று மத்தியானம் படித்தது நீ எழுதியது. இடையில் என்ன நடந்தது என்று உள்ளே அவன் கையெழுத்தில் இருக்கிறது. அவனுடைய அறிக்கையும் இருக்கிறது. வைக்கச் சொன்னது அவன். வேண்டாம் என்றார் அப்பா. எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்து எடுத்தே இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி எதையும் எடுக்க மாட்டேன் என்று வைத்திருக்கிறேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். அருந்ததி."

என் தாளை மேலே வைத்தேன். நடுவில் பிரதி. அறிக்கை அடியில்.

நிருபன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றே முக்கால். "தபால் ஆபீஸ் இருக்கும். இன்னைக்குப் போட்டா நாளைக்குக் கிடைக்கும். இல்லாட்டி வெள்ளிக்கிழம காலைல."

"மறுபடியும் காத்திருக்கப் போறியா?" என்றார் அப்பா.

மெதுவாகத்தான் கேட்டார். நிருபன் உறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எல்லாக் கட்டுரையாளருக்கும் தபால், முப்பது வருட வழக்கம். அவள்கூட எல்லாருக்கும் அனுப்புகிற மாதிரி என்றுதான் சொன்னாள்.

"ஹுஸ்னா" என்றான். "உன் மோட்டார் கீழ நிக்குதா?"

"நிக்குது அண்ணே."

"ஃபெரியப் பிடிச்சா எவ்வளவு நேரம்?"

"எறங்கினதும் செபராங் ஜெயா பத்து நிமிஷம். ஒரு மணி நேரத்துல அவங்க கைல இருக்கும் லா." எழுந்துவிட்டாள். ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டே கேட்டாள், "கேட்டத் தெறக்கலன்னா?"

அப்பா ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார்.

"தெறக்கலன்னா நான் அங்கயே உக்காந்துருவேன்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். "எம் புள்ளைங்கள வாப்பா பாத்துக்குவாங்க."

உறையின் வாயைப் பசை தடவி ஒட்டினேன். ஓரம் ஒட்டாமல் எழுந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிருபன் வந்து தன் கையையும் என் கைமேல் வைத்து அழுத்தினான். கோபம் தீர்ந்ததா என்று நான் கேட்கவில்லை. கை சூடாக இருந்தது.

முகவரிப் பக்கத்தில் வழக்கமாகப் போடும் கட்டுரை எண்ணைப் போடவில்லை. ரஜிதா நிருபன் என்று எழுதினேன். வீட்டு எண், தெரு, செபராங் ஜெயா.

ஹுஸ்னா உறையைச் சட்டைக்குள் வைத்து மழைச்சட்டையின் ஜிப்பை ஏற்றிக்கொண்டாள். படியில் அவள் இறங்கும் சத்தம், கடையில் அவள் வாப்பாவிடம் ஏதோ கத்திச் சொல்லும் சத்தம், மோட்டார் கிளம்பும் சத்தம். நாங்கள் மூவரும் சன்னலுக்கு வந்தோம். அவள் பள்ளிவாசலைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்பினாள்.

நான் ரஜிதாவின் எண்ணை இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். அணைந்தே இருந்தது. குறிப்பேட்டில் எழுதினேன்: எண் 212. கையில் கொடுத்து அனுப்பப்பட்டது. மணி நான்கு.